சாப்பாட்டைப் பற்றிப் பேசாத வீடு

மாட்டிறைச்சியை ஈரத்தோடு சட்டியில் போடக் கூடாது. நிறையப் பேர் செய்கிற தவறு இதுதான். கழுவின கையோடு நீர் சொட்டச் சொட்ட எண்ணெயில் கொட்டிவிடுகிறார்கள். அப்புறம் இறைச்சி எங்கே சிவக்கும், வெந்நீரில் குளிக்கத்தான் செய்யும். ஒரு பழைய பருத்தித் துணியால் துண்டு துண்டாக ஒற்றி எடுக்க வேண்டும், குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுகிற மாதிரி.

அந்த மாட்டிறைச்சி ஸ்டூவைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். இதுதான் ஆரம்பம்.

நான் வீட்டிலேயே ஜன்னல் திரைகள் தைக்கிறேன். முன்னறையில் தையல் மெஷின், நீள மேஜை, சுவரோரம் துணிச் சுருள்கள். பின்னால் சமையலறை. மாடியில் என் தம்பியின் அறை. அவன் லிப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் இருப்பவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே வேலை செய்வான். உள்ளே அலறுகிறவர்கள்கூட அவன் குரலைக் கேட்டால் அடங்கிவிடுவார்கள் என்று அவன் கம்பெனியில் சொல்வார்கள். வீட்டில் அந்தக் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. எங்கள் வீடு பேச்சுக் குறைந்த வீடு. முக்கியமாக, சாப்பாட்டு மேஜையில்.

அதற்குக் காரணம் அப்பா. அவர் ஒரு மாணவர் விடுதியில் தலைமைச் சமையல்காரராக இருந்தார். காலையிலிருந்து இரவு வரை உப்பில்லை, உறைப்பில்லை, கல் இருக்கிறது, முடி இருக்கிறது என்றே கேட்டுக் கேட்டு நொந்துபோன மனிதர். அதனால் வீட்டில் ஒரு விதி வைத்தார். தட்டில் விழுந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பேசக் கூடாது. நன்றாக இல்லை என்று மட்டுமல்ல, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. இன்று பாராட்டுகிற வாய் நாளை குறை சொல்லும் என்பது அவர் கட்சி. தட்டை ரொட்டித் துண்டால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். அம்மா முன்னாலேயே போய்விட்டார். அப்பாவும் போன பிறகு, தம்பி என் பொறுப்பில் வந்தான். பள்ளிக்கூடத்துப் பையன். விதியும் அவனோடு சேர்ந்து என்னிடம் வந்தது. நான் சமைத்ததைப் பற்றி அவன் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. கரிந்துபோனதையும் துடைத்துச் சாப்பிட்டிருக்கிறான். அப்படி வளர்த்த பிள்ளை.

அவனுக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். வேர்க்கடலை. சின்ன வயதில் ஒரு கடலை மிட்டாயைக் கடித்துவிட்டு உதடு வீங்கி, மூச்சு அடைத்து, நீலம் பாரித்துவிட்டான். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு பேனா மாதிரி ஒரு ஊசி கொடுத்தார்கள். தொடையில் வைத்து அழுத்தினால் போதும். குளியலறை அலமாரியில் அது எப்போதும் இருக்கும். காலாவதியாவதற்கு முன்னாலேயே புதிது வாங்கிவிடுவேன். அந்த விஷயத்தில் என்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

இறைச்சியைத் துடைத்தாயிற்றா, அடுத்தது மாவு. மைதாவில் உப்பும் மிளகுத்தூளும் கலந்து துண்டுகளை அதில் லேசாகப் புரட்ட வேண்டும். கெண்டைச்சதை வாங்குவது நல்லது. வேகத் தாமதமாகும், ஆனால் வெந்த பிறகு கரண்டி பட்டாலே விட்டுக்கொடுக்கும். சட்டியில் நெருக்கியடித்துப் போடாமல், ஒரு ஈடு சிவந்த பிறகு அடுத்த ஈடு. அடியில் பிடித்த பழுப்பைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள், ருசியெல்லாம் அதில்தான் இருக்கிறது. வெங்காயத்தைப் போட்டால் அது தானாகவே விட்டுவரும்.

இனி பெண்கள் விஷயம்.

முதலில் வந்தவர் நூலகர். புத்தகம் ஏற்றுகிற சின்ன லிப்ட் பழுதாகி, அதைச் சரிசெய்யப் போன இடத்தில் பழக்கம். நல்ல பெண். வீட்டுக்குள் நுழைந்ததும், "நாத்தனார்னு சொன்னதும் பயந்துகிட்டேதான் வந்தேன். நீங்க எங்கம்மா மாதிரி இருக்கீங்க" என்றார். என்னைவிட அவருக்கு வயது அவ்வளவு ஒன்றும் குறைவில்லை. பரவாயில்லை.

இந்தக் குடும்பத்துக்குள் வரப்போகிறவர் முதலில் எங்கள் அடுப்பில் தன் கையால் ஒரு ஸ்டூ வைக்க வேண்டும். தொன்றுதொட்டு வருகிற வழக்கம். நூலகர் வந்த அன்று தொடங்கியது.

கடலை விஷயத்தை அவரிடம் சொல்லிவிடும்படி தம்பி என்னிடம் கேட்டிருந்தான். தன்னைப் பற்றிப் பேச அவனுக்கு வராது. சொல்லிவிடுகிறேன் என்றேன். எப்போது என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சமைத்துக்கொண்டிருந்த நூலகர் கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். ஒரு கரண்டி போட்டால் குழம்பு கெட்டியாக வருமாம், அவர் அம்மாவின் கைப்பக்குவமாம். குப்பியில் என்ன எழுதியிருந்தது என்பதை நான் பார்த்தேன். வேர்க்கடலை விழுது. ஒரு கரண்டி போட்டார், பிறகு யோசித்து இன்னொரு அரைக் கரண்டி.

நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். சொல்லலாமா என்று தோன்றியது. ஆனால் சாப்பாட்டைப் பற்றி யாரும் எதுவும் பேசக் கூடாது என்பது அப்பா வைத்த விதி. அவர் இல்லாத காலத்தில் அதை நானே மீறினால் எப்படி?

தம்பி நாலு வாய் சாப்பிட்டதும் இருமினான். நான் குளியலறைக்கு ஓடி ஊசியை எடுத்து வந்து போட்டேன். கால்களை உயர்த்தி வைத்தேன், சட்டைப் பொத்தானைக் கழற்றினேன், ஆம்புலன்சுக்குச் சொன்னேன். நூலகர் சுவரோடு ஒட்டி நின்று அழுதார். "நீங்க சொல்லவே இல்லையே" என்றார். சொன்னேனே, நீங்கள்தான் மறந்திருப்பீர்கள் என்றேன். நிறையப் படிக்கிறவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. தங்கள் மேலேயே சந்தேகப்படுவார்கள். அவர் மறுபடி வரவில்லை.

தம்பி ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. முன்னறையில் துணிச் சுருள்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுக்க வைத்தேன். மெஷினை மிதித்தபடியே அவனைப் பார்த்துக்கொள்ள வசதி. கஞ்சியை நானே ஊட்டினேன். ஒரு பிற்பகல், கண்ணை மூடிக்கொண்டே, "நீ இல்லைன்னா நான் இல்லக்கா" என்றான். லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரல். எனக்காக அவன் அதை எடுத்தது அதுதான் முதல் தடவை.

அதைக் கேட்ட பிறகு நான் பழைய ஆள் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது வங்கிக்காரி. கெட்டிக்காரி. வருவதற்கு முன்பே கடலை விஷயம் தெரிந்துவைத்திருந்தார், தம்பியே வாய் திறந்து சொல்லியிருந்தான். வந்ததும் சட்டியை இரண்டு தடவை கழுவினார். அலமாரியில் இருந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்து முன்பக்கமும் பின்பக்கமும் படித்தார். நல்லநோட்டா கள்ளநோட்டா என்று பார்க்கிற அதே பார்வை. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. ஆனால் மைதாவை நாங்கள் தகர டப்பாவில் கொட்டி வைப்போம். டப்பாவில் படிக்க ஒன்றும் இருக்காது. வறுத்த வேர்க்கடலையை நைசாகப் பொடித்துச் சலித்தால் மைதாவோடு ஐக்கியமாகிவிடும். ஒரு சிட்டிகையே போதுமானது. நான் ஒரு தேக்கரண்டி போட்டிருந்தேன். விருந்தாளி வருகிற நாளில் கையை இழுத்துப் பிடிக்கக் கூடாது.

அன்றைக்கு ஒரே குழப்பம். தம்பிக்கு மூச்சு அடைத்ததும் வங்கிக்காரி மயங்கி விழுந்துவிட்டார். ஸ்ட்ரெச்சரோடு வந்த ஆள்களுக்கு யாரை ஏற்றுவது என்று தெரியவில்லை. நான்தான் பதறாமல் சுட்டிக்காட்டினேன். "உங்களை மாதிரி ஒரு அக்கா எல்லாருக்கும் கிடைக்காது" என்று அவர்களில் பெரியவர் சொன்னார். உண்மைதான்.

நடுவில், பெண் யாரும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படி நடந்தது. கம்பெனி அவனை வேறு ஊருக்கு ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தது. அவனுக்குப் பதிலாக இன்னொருவர் போனார். அதை நீங்கள் இந்த வழக்கில் சேர்க்க வேண்டியதில்லை. குடும்பத்துக்குள் நடந்தது.

மூன்றாவது பெண்ணை உங்களுக்குத் தெரியும். புகார் கொடுத்தவரே அவர்தானே. தீயணைப்பு நிலையத்தில் அவசரத் தொலைபேசி எடுக்கிற வேலை. லிப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அழைப்பு அவருக்குப் போகும், அவர் என் தம்பியைக் கூப்பிடுவார். முகம் தெரியாமல் குரலாலேயே வெகுகாலம் பழகியிருக்கிறார்கள். மாடியறையில் அவன் தொலைபேசியில் சிரிக்கிற சத்தம் கீழே மெஷின் ஓசையையும் தாண்டிக் கேட்கும். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். சிரிப்பு நிற்காது. வந்த இரண்டு பேரிடமும் அவன் அப்படிச் சிரித்ததில்லை. இவளை ஸ்டூ மட்டும் விரட்டாது என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆனால் எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது.

வந்ததும் வராததுமாக அவள் கேட்டது, மருந்து எங்கே இருக்கிறது என்று. தம்பி குளியலறை அலமாரியைக் காட்டினான். எடுத்துத் தேதியைப் பார்த்தாள், அதே இடத்தில் வைத்தாள். ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமாக உள்ளே வரும், வாசல் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்றெல்லாம் விசாரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்கக்கா, இந்த வேலைல சேர்ந்தா இது ஒரு வியாதி மாதிரி ஒட்டிக்குது" என்றாள். தப்பாக நினைக்கவில்லை என்றேன். அப்போது நினைக்கவும் இல்லை.

மைதா, மிளகு, பிரிஞ்சி இலை, எல்லாவற்றையும் அவளே வாங்கி வந்திருந்தாள். சட்டிகூட அவளுடையது. நான் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. நன்றாகத்தான் சமைத்தாள், அதை மறைக்க மாட்டேன். இறைச்சியைத் துடைத்தாள். நெருக்காமல் வறுத்தாள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, சட்டி முணுமுணுக்கிற அளவில் விட்டாள். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் முதலிலேயே போட்டுக் கூழாக்காமல், இறைச்சி முக்கால் பதம் வந்த பிறகு போட்டாள். கை கழுவப் போனாள். நான் மூடியைத் திறந்து கிளறிவிட்டேன். கிளறுவதற்கு முன்னால் ஏப்ரன் பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். பையில் வேறொன்றும் இருந்தது. குளியலறை அலமாரியிலிருந்து அதை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன். ஓடி எடுத்து வருவதில் நேரம் வீணாகிறது என்பது அனுபவத்தில் கண்டது. இதையெல்லாம் கவனிக்க வேண்டும், இல்லையென்றால் ஆபத்து.

மூவரும் உட்கார்ந்தோம். அவள் ஒரு வாய் வைத்ததும், "உப்பு ஒரு கல்லு கம்மி, இல்ல?" என்றாள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எங்கள் மேஜையில் அந்த மாதிரி ஒரு வாக்கியம் அதுவரை விழுந்ததில்லை. தெரியாமல் பேசிவிட்டாள், தம்பி தலையைக் குனிந்துகொள்வான், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவன், "ஆமா, லேசா" என்றான்.

"வேற?"

"உருளைக்கிழங்கு நல்லா இருக்கு."

எத்தனை வருஷம் சமைத்துப் போட்டிருக்கிறேன். என் உருளைக்கிழங்கு எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்புக் குறைவாகப் போட்டவளைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தான். போட்ட பொடியைப் பற்றி அதுவரை எனக்குச் சின்ன உறுத்தல் இருந்தது. அது அப்போது போய்விட்டது.

அடுத்த வாயை வைத்தவன் நிறுத்தினான். மெல்லவில்லை. அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விழுங்கினான். தட்டில் மீதி இருந்ததையும் எடுத்து, ஒழுங்காக, வேகமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தான். அதற்குப் பிறகுதான் இருமல் வந்தது.

நான் உடனே ஊசியைப் போட்டேன். ஆனால் இந்தத் தடவை அவன் தெளியவில்லை. பொடி கொஞ்சம் தாராளமாகிவிட்டது போலிருக்கிறது. அவள் அழவில்லை, மயங்கவில்லை. தன் நிலையத்துக்கே போன் செய்து, வீட்டு அடையாளம், கதவு, அவனுடைய வயது, மூச்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். செய்தி வாசிப்பவர்கள்கூட அவ்வளவு நிதானமாக வாசிக்க மாட்டார்கள். தன் கைப்பையிலிருந்து இன்னொரு ஊசியை எடுத்துப் போட்டாள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள், பாருங்கள். என்ன ஒரு அவநம்பிக்கை. அவனை ஆம்புலன்சில் ஏற்றியதும் உள்ளே ஓடி, சட்டியை மூடியோடு தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி வரைக்கும் இறக்கவில்லை. சூடான சட்டி. தொடை வெந்திருக்கும்.

மறுநாள் காலை அவன் கண் விழித்தபோது இருவரும் பக்கத்தில் இருந்தோம். அவள் என்னைத்தான் முதலில் கேட்டாள்.

"அலமாரில இருந்த ஊசி உங்க ஏப்ரனுக்கு எப்படிக்கா வந்துச்சு? அவர் இருமறதுக்கு முன்னாடியே நீங்க பைக்குள்ள கையை விட்டுட்டீங்க. எங்களுக்கு முதல்ல சொல்லிக்கொடுக்கறதே அதுதான். என்ன நடந்துச்சுன்னு கேக்காத, எது முன்னாடி நடந்துச்சுன்னு கேளு."

முன்னெச்சரிக்கை என்றேன். அது பொய்யில்லை.

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வாயில வெச்சதுமே தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"துப்பியிருக்கலாமே."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டை வீக்கம் முழுதாக வடியவில்லை, குரல் கரகரத்தது. "வங்கிக்காரங்க வந்தப்பவே தெரியும்" என்றான். "என்னைக் காப்பாத்தணும்னு அக்காவுக்குத் தோணுச்சுன்னா நான் குறுக்க நிக்கறதில்ல."

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். அந்த ஆஸ்பத்திரித் திரைகள் மட்டமான தையல். ஓரம் மடித்து அடிக்காமல் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு நிறைந்துவிட்டது, இன்ஸ்பெக்டர். இத்தனை நாளும் நான் தனியாகச் செய்துகொண்டிருந்ததாக நினைத்தேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஒரு பழமொழி சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் அது பொய்த்துவிட்டது. அவன் தெரிந்தே சாப்பிட்டிருக்கிறான். எனக்காகச் சாப்பிட்டிருக்கிறான். இதற்குப் பெயர் ஒற்றுமை. உங்கள் சட்டத்தில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம்.

பின்னால் அவள் கேட்பது காதில் விழுந்தது. "இனிமே?"

கட்டில் கிறீச்சிட்டது, அவன் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இனிமே குறுக்க நிப்பேன்" என்றான்.

என்னிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னான். அந்த லிப்ட் குரலில்தான் சொன்னான்.

ஆகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். நூலகர் வந்த நாளில் நான் போடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாத் தடவையும் நான்தான் போட்டேன். தவறிப்போய் இல்லை, மறந்துபோய் இல்லை. பொடித்து, சலித்து, தெரிந்தே போட்டேன். சட்டியில் இருந்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். காத்திருக்க வேண்டாம், என் வாக்குமூலமே போதும். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

அவன் அவள் வீட்டுக்குப் போய்விட்டான் என்றும் தெரியும். அங்கே சாப்பிடும்போது ஓயாமல் பேசுகிறார்களாம். உப்பு, காரம், வேக்காடு, எல்லாம் அலசப்படுகிறதாம். கடலை அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூட முடியாதாம். அவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விவரம் தெரியாத பெண். உங்களையாவது ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். என்னை இங்கே உள்ளே வைத்துவிட்டால், அடுத்த தடவை அவனுக்கு மூச்சு அடைக்கும்போது யார் காப்பாற்றுவார்கள்?